பை வைத்த கவுன்

மூட்டையை மேஜை மேல் வைத்து முடிச்சை அவிழ்த்தார் அக்கா. உள்ளே முப்பத்தேழு பழைய கவுன்கள்.

நான் அப்போதுதான் புதுக் கவுனுக்கான என் வரைபடத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வருஷம் பெண்கள் எதை விரும்புவார்கள் என்று இந்த வருஷமே சொல்வது என் வேலை. கம்பெனியில் எனக்குப் பெயர் ஜோசியர்.

முதலாளியின் அப்பா காலத்தில் வெளிநாடு போய் ஒரு பெட்டி நிறையத் துணி வாங்கி வருவார்களாம். தையலைப் பிரித்து, அதே அளவில் வெட்டுவார்கள். பிறகு, இரண்டு வருஷம் கழித்து வரப்போகிற நிறங்களை முன்கூட்டியே சொல்லும் தடித்த புத்தகம் வந்தது. இப்போது நாற்பது லட்சம் பெண்களின் போட்டோக்களைப் பார்த்துவிட்டு என் கம்ப்யூட்டர் சொல்கிறது.

உடம்போடு ஒட்டிய கவுன், இளநீலம், பை கிடையாது. அதுதான் அதன் தீர்ப்பு.

கம்பெனியில் எல்லோருக்கும் அவர் அக்கா; வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் துணிகளை வாங்கி வைக்கும் பிரிவில் இருப்பவர். இந்தக் கூட்டத்துக்கு அவரை முதலாளி அழைத்தது இதுவே முதல் முறை.

"இதெல்லாம் சாயம் போச்சுன்னு திரும்பி வந்தது சார். உள்பக்கம் திருப்பிப் பாருங்க."

திருப்பினோம்.

ஒவ்வொன்றிலும் பக்கத் தையலைப் பிரித்து, யாரோ ஒரு பை வைத்துத் தைத்திருந்தார்கள். ஒன்றில் தலையணை உறைத் துணி. ஒன்றில் ஆண்கள் சட்டையின் கை. ஒன்றில் குழந்தைப் பாவாடையின் ஓரம்.

"கம்ப்யூட்டர் அவங்க போட்டிருக்கறதத்தான் சார் பாக்குது. இல்லாதத எப்படிப் பாக்கும்?"

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

தலையணை உறைப் பைக்குள் கையை விட்டேன். மணிக்கட்டு வரை போயிற்று. பொடிப்பொடியான, நெருக்கமான கைத்தையல். எங்கோ ஒருத்தி, எனக்குத் தெரியாததைத் தனக்குத் தானே தைத்துக்கொண்டிருக்கிறாள்.

தளர்வான கவுன், ஆழமான இரண்டு பைகள் என்றார் அக்கா. துணி கூடுதலாகப் பிடிக்கும், தைக்கவும் நேரமாகும். விற்காமல் தேங்கினால் முந்நூறு தையல்காரர்கள் ஒரு பருவம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

முகம் பார்த்துக் கை தூக்க வேண்டாம், எந்தக் கவுன் என்று சீட்டில் எழுதிப் போடுங்கள் என்றார் முதலாளி. மேஜையைச் சுற்றி ஏழு பேர்.

எனக்கு மூன்று. அக்காவுக்கு நான்கு.

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு கவுன்களை ஒவ்வொன்றாக மடித்தார். முகமோ, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் முகம்.

உற்பத்தி மேனேஜர் என் தோளைத் தட்டினார். "விடுங்க ஜோசியரே. பதினோரு வருஷத்துல ஒரு தடவ சறுக்கினா என்ன இப்போ?"

தலையாட்டி வைத்தேன்.

அந்தக் கவுன் அடுத்த வருஷம் கடைக்குப் போன வேகத்தில் தீர்ந்தது. மூன்று தடவை மறுபடி தைத்தோம். இன்று எங்கள் ஆபீஸ் தெருவில் கவுன் போட்டு நடக்கிற பெண்களில் பாதிப் பேர் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

ஜோசியர் கோட்டைவிட்ட வருஷம் என்றுதான் இன்றும் ஆபீசில் அதைச் சொல்வார்கள். நான் மறுப்பதில்லை.

அந்த நான்கு சீட்டுகளில் ஒன்று நான் எழுதியது.