பெலாஜி வீட்டு வாசலில்

புருஷன் அனக்லே குனிந்து ஷூ மாட்டும்போது, வெஸ்டின் அவன் பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, ரோஜா சோப்பு. இந்த வீட்டில் குளிக்கவும் துவைக்கவும் ஒரே நீலக் கட்டிச் சோப்புதான்.

"காலங்காத்தால எங்க போய்ட்டு வர்றீங்க?"

"வண்டிக்குக் காத்தடிக்கப் போனேன்." அவன் கிகாலி நகரத்தில் மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிறவன்.

"காத்தடிக்கிற கடையில ரோஜா சோப்பு குடுத்துக் கைகழுவச் சொல்றாங்களா? பரவாயில்லையே!"

அனக்லே ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் படியிறங்கினான். பதினொரு வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொல்லாமல் போனது இதுதான் முதல் தடவை.

அந்த சோப்பு யார் வீட்டுச் சோப்பு என்று அவளுக்கா தெரியாது? மேட்டுச் சரிவில் நான்கு வீடு கீழே, தையல்காரி பெலாஜி. புருஷன் இல்லை, பிள்ளை குட்டி இல்லை, சிரித்தால் கன்னத்தில் குழி வேறு விழும். போன மாதம் சட்டை தைக்கக் கொடுக்கப் போன அனக்லே, திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது இப்போதுதான் உறைத்தது.

வெஸ்டின் வீட்டிலேயே பெண்களுக்குச் சடை பின்னிவிடுகிறவள். அன்று அவள் இழுத்த இழுப்பில் இரண்டு பேர் அலறியே விட்டார்கள்.

பொழுது சாய்ந்ததும், சடையில் சேர்த்துப் பின்னிக் கத்தரித்துப் போட்ட செயற்கை முடித் துணுக்குகளை வழக்கம்போல் கூட்டிக் குவித்தாள். இரண்டு வாளி சோப்புத் தண்ணீரை ஊற்றி, எல்லாவற்றையும் வாசல் வாய்க்காலில் தள்ளிவிட்டாள். மழைக்காலம், வாய்க்காலில் நல்ல ஓட்டம். வாசல் பளிச்சென்று இருந்தது, மனசுதான் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியுமுன்னே அனக்லே கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கிளம்பினான். வெஸ்டின் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனாள். அவள் போய்ச் சேர்வதற்குள் அவன் பெலாஜி வீட்டு வேலிக்குள் நுழைந்துவிட்டான். உள்ளே ஒன்றும் தெரியவில்லை, பேச்சு மட்டும் கேட்டது.

"எத்தனை நாளைக்கண்ணே இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு வருவீங்க?"

அண்ணனாம் அண்ணன்! வெஸ்டின் பல்லைக் கடித்தாள்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்க பெலாஜி. நாளைக்கு உமுகந்தா கூட்டத்துல மட்டும் வாயத் திறந்துடாத. வெஸ்டினுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா."

"சரி சரி, கையக் காட்டுங்க, தண்ணி ஊத்தறேன். சோப்பு அங்கயே இருக்கு பாருங்க."

அதற்கு மேல் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அப்புறம் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். சோற்றுக்கு வழியில்லாத காலத்தில் தன்னைக் கைப்பிடித்தவனை ஒரு சோப்புக்காரிக்கு விட்டுக்கொடுக்க அவள் என்ன பைத்தியமா? நாளைக்கு மேட்டு ஜனம் முழுக்க ஓரிடத்தில் கூடும். அங்கேயே வைத்துக்கொள்வோம்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, ஊரே சேர்ந்து தெருவைச் சுத்தம் செய்யும் உமுகந்தா நாள். கடைகள் சாத்தியிருந்தன, ரோட்டில் வண்டியில்லை. வீட்டுக்கு வீடு ஆள் வந்து புல் வெட்டினார்கள், மண் சரிந்த பாதையைச் செப்பனிட்டார்கள். பெலாஜி மண்வெட்டியோடு ஒரு கோடியில் நின்றாள். வெஸ்டின் அவளைப் பார்த்த பார்வைக்கு அந்தப் புல்லே கருகியிருக்கும்.

பதினோரு மணிக்கு வேலை முடிந்து, எல்லாரும் மர நிழலில் உட்கார்ந்தார்கள். குடியிருப்புத் தலைவர் கயிஜுக்கா தொண்டையைச் செருமினார்.

"இந்த மாசமும் சுத்தத்துல வெஸ்டின் வாசல்தான் முதல். கீழ விழுந்த சோத்தக்கூட எடுத்துச் சாப்பிடலாம். எல்லாரும் பாத்துக் கத்துக்குங்க!"

கைதட்டினார்கள். வெஸ்டின் எழுந்து நின்றாள்.

"கைதட்டல் இருக்கட்டும் தலைவரே. எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்க."

"வெஸ்டின், உக்காரு. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்" என்று அனக்லே அவள் கையைப் பிடித்தான்.

"வீட்டுல கேட்டப்ப பேசுனீங்களா?" கையை உதறினாள். "எம் புருஷன் தினமும் விடியுறதுக்கு முன்னாடி இந்தப் பெலாஜி வாசலுக்குப் போறாரு. நேத்து என் ரெண்டு காதால கேட்டேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு அவகிட்ட கெஞ்சுறாரு. இது அடுக்குமா?"

கூட்டம் முழுக்கப் பெலாஜி பக்கம் திரும்பியது. ஒரு கிழவி உச்சுக் கொட்டினாள்.

"வேணாங்க்கா, விட்ருங்க" என்றாள் பெலாஜி.

"அக்காவா? யாருக்குடி அக்கா? இத்தன பேர் முன்னாடி சொல்லுடி, எதுக்கு வர்றாரு?"

"ஊரே கேக்குது பெலாஜி, நீதான் சொல்லணும்" என்றார் கயிஜுக்கா.

வேண்டாம் வேண்டாம் என்று அனக்லே தலையை ஆட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. பெலாஜி அவனைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்கண்ணே, எம் மானமும் போகுதே" என்றாள். பிறகு வெஸ்டின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வாய்க்கால்ல தள்ளிவிடுற முடிக் குப்பையெல்லாம் எங்க வாசல்ல வந்து அடைச்சுக்குது, அத அள்ளத்தாங்க்கா!"