குங்குமம் வைத்த ஸ்பேனர்

"இத்த எடுத்துக்கினு போனா ஆபீஸ்ல என்னைத்தான் திட்டுவானுங்க சார். யூஸ் பண்ண பொருளை ரிட்டர்ன் எடுக்கவே கூடாது."

வாசலில் நின்ற டில்லிபாபு கையிலிருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆன்லைனில் வாங்கியதைத் திரும்ப எடுத்துப்போக வந்திருந்தான். மாடவீதியில் கொலு பொம்மைக் கடைகளுக்கு நடுவே வண்டியை நுழைத்துக்கொண்டு வந்த களைப்பு அவன் முகத்தில் தெரிந்தது.

"யார் யூஸ் பண்ணா?" ராஜகோபாலன் சீறினார். "யூஸ் பண்ண முடிஞ்சாத்தானே பண்றதுக்கு! நட்டைப் பிடிக்கவே மாட்டேங்கறது. வழுக்கறது."

"அப்போ இது இன்னா சார்?"

ஸ்பேனரின் கழுத்தில் சந்தனம். அதன் நடுவே வட்டமாகக் குங்குமம்.

கணவரின் தோளுக்குப் பின்னாலிருந்து காமாக்ஷி எட்டிப்பார்த்தாள். "நான்தாம்பா வச்சேன். ஆத்துக்குப் புதுசா எது வந்தாலும் பொட்டு வச்சுட்டுத்தான் எடுப்போம்."

"வண்டிக்கு வெப்பீங்க, மிக்ஸிக்கு வெப்பீங்க, சரி. ரிட்டர்ன் பண்ற பொருளுக்குமாம்மா?"

"வைக்கறச்சே ரிட்டர்ன் ஆகும்னு யாருக்குப்பா தெரியும்?"

நியாயமான கேள்விதான். டில்லிபாபுவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ராஜகோபாலனுக்கு வரவில்லை.

ரயில்வே பணிமனையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கல்யாணமான வருஷத்திலிருந்து வீட்டில் கொலுப்படி கட்டுவது அவர் வேலை. இரும்புச் சட்டங்களை நட்டும் போல்ட்டும் போட்டு முடுக்கி, ஏழு படி நிமிர்த்தி வைப்பார். அந்தப் பக்கம் வேறு யாரும் தலைகாட்டக் கூடாது. எதிர் ஃபிளாட் ஷ்ரவண் போன வாரம், "மாமா, இந்த வருஷம் நான் பண்ணட்டுமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டான். அவர் பார்த்த பார்வையில், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பழைய ஸ்பேனர் தேய்ந்துவிட்டது என்றுதான் இதை வரவழைத்தார். இது அதற்கும் மேல். முந்தாநாள் காலை முழுவதும் அவரைப் படாதபாடு படுத்திவிட்டது. வழுக்கியது, நழுவியது, ஒருமுறை காலிலேயே விழுந்தது. செய்தவனையும் விற்றவனையும் வாய் ஓயத் திட்டிவிட்டு, சாப்பிட்டுப் படுத்தார். தூங்கி எழுந்து வந்து படியை உலுக்கிப் பார்த்தால், இம்மிகூட அசையவில்லை!

"பார்த்தியா காமு, இந்த உதவாக்கரையை வச்சுண்டே எப்படி முடுக்கியிருக்கேன்!"

அதற்காக ஸ்பேனரை மன்னித்துவிட்டாரா என்றால், அதுதான் இல்லை. ஏமாற்றுகிறவனை விடக்கூடாது, திருப்பி அனுப்பியே தீரவேண்டும் என்று நின்றார்.

காமாக்ஷியும் அது வீட்டை விட்டுப் போனால் போதும் என்றுதான் இருந்தாள். இருந்தால், ஒன்பது நாளும் சுண்டல் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் அதைக் காட்டிப் புலம்புவார். யாராவது ஒருவர், "கொடுங்கோ, நான் பார்க்கறேன்" என்று கை நீட்டுவார். வம்பு வளரும். நல்ல நாளும் அதுவுமாக அவர் முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது. எப்படியாவது இந்தப் பிள்ளை இன்றைக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

"பொட்டைத் துடைச்சுத் தந்தா எடுத்துப்பியாப்பா?"

"சுத்தமா கீதுன்னா எட்த்துக்கலாம்மா. போட்டோ புடிக்கணும்."

"அம்பாளே, தப்பா எடுத்துக்காதே" என்று முணுமுணுத்தபடி, காமாக்ஷி ஈரத்துணியால் குங்குமத்தையும் சந்தனத்தையும் துடைத்தாள். சந்துபொந்தில் ஒட்டியிருந்ததைக்கூட விடவில்லை.

உள்ளே போன் அடித்தது.

"பெங்களூர்லேர்ந்து சாருவாத்தான் இருக்கும்" என்று திரும்பிய ராஜகோபாலன், போகிற போக்கில் எச்சரித்தார். "அவன் எடுத்துக்காம அனுப்பாதே, காமு!"

டில்லிபாபு போட்டோ பிடித்தான். "இன்னா ரிப்பேர்னு போடணும்மா. ஒருவாட்டி நானே செக் பண்ணிக்கிறேன்."

"அதெல்லாம் எதுக்குப்பா? அவர்தான் சொன்னாரே, வழுக்கறதுன்னு!"

அவள் அவசரமாகச் சொல்லி முடிப்பதற்குள் அவன் வாசலின் இரும்புக் கதவருகே குனிந்துவிட்டான். தாழ்ப்பாளின் நட்டு ரொம்ப நாளாகத் தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதில் ஸ்பேனரைப் பொருத்தி, திருகினான். நட்டு கிச்சென்று இறுகிக்கொண்டது.

"இன்னாம்மா இது, சோக்கா புடிக்குது! ஒரு கொறையும் இல்லியே!"

"ஷ்ஷ்!"

காமாக்ஷி பதறிப்போய் உள்ளே பார்த்தாள். கூடத்தில் அவர் குரல் மகளிடம் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தது. "இந்த வருஷமும் ஏழு படியும் நானேதான் முடுக்கினேன், சாரு! எவன் தயவும் வேண்டியிருக்கலை."

அவள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"ஸ்பேனர்ல ஒண்ணும் இல்லைப்பா. அவர் கையிலதான் பிடிமானம் போயிடுத்து, அதை ஒத்துக்க அவருக்கு மனசு வரலை. அவர் தூங்கறச்சே இதாலேயே அத்தனை நட்டையும் முடுக்கினது நான்தான். பீஸ் சரியில்லைன்னே போட்டுண்டு போயிடேன், உனக்குப் புண்ணியமாப் போகும்."

டில்லிபாபு போனில் எதையோ அழுத்திவிட்டு, ஸ்பேனரைப் பைக்குள் போட்டான். இரண்டு படி இறங்கியவன் நின்று, உள்ளே கேட்கும்படி உரக்கக் குரல் கொடுத்தான்.

"சார், நீங்க சொன்னது கரெக்டு சார்! இந்த டுபாக்கூர் பீஸை வெச்சிக்கினு எப்டி சார் ஏழு படியை நிக்க வெச்சீங்க?"