நாலாவது பாட்டு

“எடுத்த எடுப்பில பிடிக்காது. நாலு தரம் கேட்டாத்தான் ருசி தெரியும்” என்று சொல்லிக்கொண்டே டேப் ரெக்கார்டரில் கேசட்டைச் செருகினான் தில்லைநாயகம்.

கல்யாணமாகி இருபது நாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே சாரல். கட்டிலோரம் உட்கார்ந்து, அரைகுறையாகக் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள் அவன் மனைவி உலகம்மாள்.

லண்டனில் இளவட்டமெல்லாம் இப்போது இதற்குத்தான் ஆடுகிறது, தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் இந்த இங்கிலீஷ் ஆல்பத்தைக் கேட்டவர் ஒருவரும் கிடையாது, தான் மட்டும் ஒரு வருஷமாகக் கேட்டுவருவதாக அவன் அளந்தான். உண்மையில் ஆபீஸ் நண்பன் ஏசுதாசன் அதைக் கொடுத்ததே முந்தாநாள்தான். யாரோ பதிவு செய்து, பல கை மாறி வந்த கேசட். மேலே பெயர்கூட எழுதியிருக்கவில்லை. தில்லைநாயகமும் இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறான்.

முதல் பாட்டு திம் திம்மென்று கிளம்பியது. அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கொட்டு எழுந்து ஆடச் சொல்கிறது. பாடுகிறவனோ இழவு வீட்டிலிருந்து நேரே வந்தவன் மாதிரி முனகுகிறான். ஆனாலும் தலையை விடாமல் ஆட்டிவைத்தான்.

“ஒரே ஆளா இவ்வளவு நேரமும் கையெடுக்காம அடிக்கான்?” என்று கேட்டாள் உலகம்மாள்.

“பின்னே? பத்து வருஷமாவது பழகியிருப்பான்.”

“மிஷின்ல அடிக்க மாதிரி இருக்கே.”

சிவகிரியில் வளர்ந்தவளுக்கு அவ்வளவுதான் தெரியும் என்று பெருந்தன்மையாகச் சிரித்தான் அவன். என்ன சொல்லிப் பாடுகிறான் என்று அடுத்து கேட்டாள். காதலித்தவள் வேண்டாம் என்று போய்விட்டாள், அந்தச் சோகம் என்றான்.

“மழைன்னு என்னமோ வருதே?”

“மழையில நனைஞ்சுக்கிட்டே காத்து நின்னான். அவ வரலை.”

“பாவம்” என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள் உலகம்மாள்.

இரண்டாவது பாட்டில் காப்பி போடட்டுமா என்றாள். மூன்றாவதில், சாரல் நின்றுவிட்டது, ஐந்தருவிக்குப் போய் வரலாமா என்றாள். அது முடிகிற நேரத்தில் எழுந்து வந்து, “போதும்ங்க, தலை வலிக்கி” என்று பட்டனில் கையை வைத்துவிட்டாள்.

தில்லைநாயகத்துக்குச் சுருக்கென்றது. ஆசையாகக் கொண்டுவந்ததை அரைமணி நேரம் பொறுத்துக் கேட்கக்கூடாதா? அதோடு, அந்த மூன்றாவது பாட்டு அவனை நிஜமாகவே பிடித்து இழுத்திருந்தது. கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்ததை அவனே அப்போதுதான் கவனித்தான்.

“உனக்குப் பிடிக்கலைன்னா நாளையில இருந்து போடலை. இன்னும் ஒண்ணே ஒண்ணு. எனக்காகக் கேளு.”

அவன் குரல் இறங்கியிருந்தது. உலகம்மாள் பட்டனிலிருந்து கையை எடுத்தாள். கட்டிலுக்குத் திரும்பிப்போய், மடித்து வைத்திருந்த சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நாலாவது பாட்டின் நடுவில் எங்கோ பாத்திரம் உருண்டது. பூனையாக இருக்கும் என்று தில்லைநாயகம் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அடுப்படியில் எதுவும் அசையவில்லை. டேப் ரெக்கார்டருக்குள்ளிருந்து, கொட்டுச் சத்தத்தையும் மீறிக்கொண்டு, அவன் மாமியாரின் குரல் கேட்டது:

“ஏட்டி உலகு, சிநேகிதிக்குப் பாட்டுப் பதிஞ்சு குடுத்தது போதும், அணைச்சிட்டு வா. நாளைக்குத் தென்காசிக்காரங்க பொண்ணு பாக்க வாராங்க, அந்தப் பையன்கிட்ட இதெல்லாம் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாத!”