மூன்று தட்டல்கள்

கணினி ஓயாமல் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருக்கிறது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். வருத்தத்துடன் மறுக்க வேண்டியிருக்கிறது. அது தன்பாட்டுக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். ஏதாவது கருவி தோளில் தட்டினால்தான் திரும்பிப் பார்க்கும். இந்தத் தட்டலுக்கு இன்டரப்ட் என்று பெயர்.

ஒரே கணினியில் இரண்டு மூன்று இயங்குதளங்கள் குடியிருந்தால் இன்னும் சிக்கல். எந்தத் தட்டல் எங்கே போக வேண்டும் என்கிற பதிவேடு வீட்டுக்காரர் கையில் இருக்கும். வீட்டுக்காரரின் பெயர் ஹைப்பர்வைசர். குடியிருப்பவர் ஒரு முகவரியை மாற்றவும் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்கும் நிரல் பகுதியை எழுதிய பெண், காலை பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் வியர்த்துப்போய் நின்றாள்.

"சார், மூணு தட்டல் காணோம்."

"என்னம்மா, குடை தொலைஞ்ச மாதிரி சொல்றே?" என்றார் மேலாளர். 'பிழை பூஜ்ஜியம்' என்று நாளுக்கு ஏழு முறை சொல்வதால் அலுவலகத்தில் அவருக்குப் பூஜ்ஜியம் என்றே பெயர்.

"நாப்பது நாளா இந்த வார்டுல ஓடுது சார் நம்ம மெஷின். எப்பெப்போ, எத்தனை தடவை தட்டினேன்னு ஒவ்வொரு கட்டில்லயும் நோயாளிக்கு மாட்டியிருக்கற கருவி குறிச்சு வெச்சிருக்கு. நம்மகிட்ட வந்து சேர்ந்தது அதைவிட மூணு கம்மி. பகல்ல வேலை கூடும்போது தட்டலை வேற பிராசஸருக்கு மாத்தறோமில்ல? பழைய முகவரியை முதல்ல அடிச்சிட்டு, அப்புறம் புதுசை எழுதச் சொல்லியிருக்கேன். நடுவுல வந்த தட்டல் எங்கேயும் போகலை. என் தப்புதான்."

"சரி, போகலைன்னா என்ன?"

"நர்ஸுங்களைக் கூப்பிடற மணி அடிச்சிருக்காது சார். மூணு பேருக்கு அடிக்கலை. அவங்க என்ன ஆனாங்கன்னே தெரியலை."

பூஜ்ஜியம் சுற்றுமுற்றும் பார்த்தார். "உள்ளே வந்து வாயைத் திறந்துடாதே, தாயே."

அவர்கள் வந்ததே ஒரு புகாருக்காக. கொடுத்தவர் பூஜ்ஜியம். மணி அடிக்க இயந்திரம் இருக்கும்போது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டில் கட்டிலாக நடந்து பார்க்கும் நர்ஸ் ஒருவரால் தம் இயந்திரத்துக்கு அவமானம் என்று எழுதியிருந்தார். வேறு ஆஸ்பத்திரிக்காரர்களை அழைத்து வந்து காட்டும்போதெல்லாம் அந்த அம்மா சரியாகக் குறுக்கே நடந்தார்.

அறையில் தலைமை நர்ஸின் மேஜைமேல் இடமாற்ற உத்தரவு தயாராக இருந்தது. எதிரே நர்ஸ், கையில் ஒரு சின்ன நோட்டுடன்.

"ஏன் சிஸ்டர், நடக்க வேண்டாம்னு நாலு தடவை சொல்லியாச்சு. அப்படி என்ன பிடிவாதம்?" என்றார் தலைமை நர்ஸ்.

நர்ஸ் நோட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சிலர் அப்படித்தாங்க" என்றார் பூஜ்ஜியம், பெருந்தன்மையாக. "லிஃப்ட் வாசல்லயே நிக்கும், படியேறிப் போவாங்க."

"என்னை எங்கே வேணும்னாலும் போடுங்க மேடம்" என்றார் நர்ஸ். "எனக்குப் பதிலா வர்றவங்களும் நடக்கணும். அது மட்டும் சொல்லிடுங்க."

தலைமை நர்ஸ் பேனாவைத் திறந்தார்.

"சிஸ்டர்!" பெண்ணின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "அஞ்சாம் தேதி, மத்தியானம் மூணு இருபது. ஏழாம் நம்பர் கட்டில். என்ன ஆச்சு?"

பூஜ்ஜியத்துக்கு இருமல் வந்தது. யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

நர்ஸ் நோட்டைப் புரட்டினார். "ஏழு... மூக்குக் குழாய் நழுவியிருந்தது. தண்ணி கொடுக்கப் போனேன், பார்த்தேன். சரி பண்ணிட்டேன்."

"இருபதாம் தேதி, பதினொண்ணு பத்து. மூணாம் கட்டில்?"

"சளி அடைச்சிருந்தது. எடுத்தேன். வீட்டுக்குப் போயிட்டாங்க."

"நேத்து காலை பத்து மணி. பதினாறாம் கட்டில்."

நர்ஸின் விரல் ஒரு வரியில் நின்றது. நகரவில்லை.

"சிஸ்டர், பதினாறு என்ன ஆனாரு?"

"என் எழுத்து எனக்கே புரியலை, இரும்மா... ஆங். கருவியை அவரே பிடுங்கிப் போட்டுட்டு பல் விளக்கப் போயிருக்காரு. திட்டிட்டு மாட்டிவிட்டேன்."

உட்காரச் சொல்லாமலே பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள். வராந்தாவில் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னாள். தன் தப்பு என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

தலைமை நர்ஸ் பேனாவை மூடினார். "சிஸ்டர், மெஷின்மேல சந்தேகம்னா முதல் நாளே என்கிட்ட வந்திருக்கலாமே. மூணு தடவை மணி அடிக்கலை. ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"மெஷின்மேல சந்தேகமா?" நர்ஸ் திடுக்கிட்டார். "அய்யோ, அப்படி நெனைக்கவே இல்லை மேடம். சார்தான் தப்பே வராதுன்னு சொன்னாரே. நான்தான் அந்த ஏழாம் கட்டிலோட மணி ஸ்விட்சைப் போட மறந்துட்டேன்னு நெனச்சேன். சொன்னா வேலை போயிடும்னு பயம். மறுபடி எதை மறப்பேனோன்னுதான் அன்னியிலேர்ந்து நடக்கறேன். ஒரு நாள் லீவு போடலை."

தலைமை நர்ஸ் உத்தரவை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெண்ணைப் பார்த்தார்.

"சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?" என்று தலைமை நர்ஸ் கேட்டார்.

"ரெண்டு வரியை முன்னே பின்னே மாத்தணும் மேடம். சோதிச்சுப் பார்த்து ஏத்த சாயங்காலம் அஞ்சாயிடும்."

"அதுவரைக்கும் பத்தொன்பது கட்டிலுக்கும் ஒரே ஆள் போதாது" என்று சொல்லி, தலைமை நர்ஸ் பூஜ்ஜியத்தின் பக்கம் திரும்பினார்.

இரண்டாவது சுற்றில் பூஜ்ஜியம் ஷூவைக் கழற்றிவிட்டார்.