அனுபவச் சான்றிதழ்

அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

போனில் பேசத்தான் போகிறார். யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை.

அவன் போனை மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றான். பக்கத்தில் ஏஜென்ட் எழுதிக் கொடுத்த தாள். என்ன கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று அதில் வரிசையாக இருந்தது.

கத்தார் வேலைக்கு எல்லாம் தயார். டிகிரிக்குச் சென்னையில் முத்திரை வாங்கியாயிற்று. டெல்லியிலும் வாங்கியாயிற்று. தூதரகமும் குத்திவிட்டது. பாக்கி, அனுபவச் சான்றிதழ் ஒன்றுதான்.

அது பொய்.

மதுரையில் ஒரு கட்டுமானக் கம்பெனி, அங்கே மூன்று வருடம் சைட் சூப்பர்வைசர் என்று போட்டிருந்தது. லெட்டர்பேடு, சீல் எல்லாம் ஏஜென்ட் கைவேலை. அப்படி ஒரு கம்பெனியே கிடையாது. சரிபார்க்கிற ஆபீசிலிருந்து மேனேஜருக்குப் போன் வரும், யாராவது பேசியாக வேண்டும். உங்கப்பா குரலை எவனும் சந்தேகப்பட மாட்டான் என்று சொன்னதும் ஏஜென்ட்தான்.

அந்த மூன்று வருடத்தில் அவன் கிழித்தது என்ன என்று அப்பாவுக்குத் தெரியாதா?

பத்து மணிக்கு எழுந்தான். சாப்பிட்டான். பைக்கை எடுத்துக்கொண்டு போனான். தண்டச்சோறு என்று அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். அம்மா அழுததும் அதையும் விட்டுவிட்டார்.

அவர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற உத்தியோகம். சான்றிதழ் நகலைத் தூக்கிக்கொண்டு ஊரே வாசலுக்கு வரும். அசலைப் பார்க்காமல் யாருக்கும் போட்டதில்லை. காலேஜில் சேர அவனுக்கே வேண்டியிருந்தபோதும், அசல் எங்கே என்று கேட்டார். உங்கள் பீரோவில்தான் இருக்கிறது என்றான். எடுத்து வந்து காட்டு என்றார். கிழவனுக்குக் கொழுப்பு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டான்.

நேற்று அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அவர் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

போன் அடித்தது. அவன் ஓடிவந்து ஸ்பீக்கரை அமுக்கிவிட்டு மறுபடியும் சுவரோரம் போனான்.

ஒரு பெண். சின்ன வயசுக் குரல். கம்பெனி பெயரைச் சொல்லி, மேனேஜர்தானே பேசுகிறீர்கள் என்று கேட்டாள்.

ஆமாம் என்றார் அப்பா.

அவனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுஷனா இவர்? திக்கவில்லை. இருமவில்லை. பாடம் நடத்துகிற அதே குரல். கொஞ்சம் திக்கியிருந்தாலாவது தேவலை.

செழியன் உங்களிடம் வேலை பார்த்தாரா? பார்த்தார். மூன்று வருடமுமா? மூன்று வருடமும். நேரத்துக்கு வந்துவிடுவாரா? வந்துவிடுவார்.

லீவு அடிக்கடி எடுப்பாரா என்று கேட்டாள். எடுத்ததே கிடையாது என்றார்.

வேலை என்று ஒன்று இருந்தால்தானே லீவு.

நடத்தை எப்படி என்று கேட்டாள்.

தங்கமான பையன் என்றார் அப்பா.

பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயால் அவன் கேட்டதில்லை. கேட்கமாட்டோமா என்று ஏங்கிய நாளெல்லாம் உண்டு. இப்போது கேட்டாயிற்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்புறம் ஏன் சார் வேலையை விட்டார்?

இதற்கும் தாளில் பதில் இருந்தது. அப்பா தாளைப் பார்க்கவில்லை.

"தப்பு எங்க மேலதாம்மா. அவருக்குத் தோதா ஒண்ணு அமைச்சுக் குடுக்க எங்களால முடியல."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அந்தப் பக்கம் அவள் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது, இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன் என்றாள். கடைசியாக ஒன்றே ஒன்று, எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் என்றாள்.

"அவர் திரும்பி வந்தா, மறுபடியும் சேத்துப்பீங்களா சார்?"

இது தாளில் இல்லை.

அப்பா அப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

சேர்த்துக்கொள்வேன் என்று சொல்லுங்கள் என அவன் தலையை ஆட்டினான். வேகவேகமாக ஆட்டினான். வேலைக்காகத்தான் ஆட்ட ஆரம்பித்தான். ஆட்ட ஆட்ட, வேலை மறந்துபோயிற்று.

சார், லைனில் இருக்கிறீர்களா என்றாள் அவள்.

"வேண்டாம்மா," என்றார் அப்பா, அவனைப் பார்த்துக்கொண்டே. "இங்க வரவேண்டாம். போற இடத்துலயே நல்லா இருக்கட்டும்."

அவள் சிரித்தாள். இப்படி மனசார வாழ்த்தி அனுப்புகிற மேனேஜரை நான் பார்த்ததில்லை சார் என்றாள். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

அப்பா எழுந்தார். அவனைத் தாண்டிக் கொல்லைப்பக்கம் போனார்.

போன் மினுக்கியது. ஏஜென்ட். வேலை முடிந்தது, வாழ்த்துகள் என்று அனுப்பியிருந்தான்.

குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

அப்பா வாய் கொப்பளித்தார். துப்பினார்.

மறுபடியும் கொப்பளித்தார்.

அவன் சுவரோரமாகவே நின்றான். குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.