கன்னியம்மாள் கேட்ட டார்ச்

"இன்னா பாய், வட்டத்துக்கு நடுவுல பொட்டு வெச்சாப்புல கருப்பா கீதே? இது வாணாம், வேற காட்டுங்க."

துலுக்கானம் இன்னொரு டார்ச்சையும் தள்ளி வைத்தான். பூந்தமல்லிக் கடைத்தெருவில், பக்கீர் முகமதுவின் கடைக்குப் பின்னால் இருந்த சரக்கறை அது. பட்டப்பகலில் கதவைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு, சுண்ணாம்புச் சுவரில் ஒவ்வொரு டார்ச்சாக அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வர்றவன்லாம் தூரமா அடிக்கிற லைட்டு கேக்குறான். நீ மட்டும் கண்ணுல வெளக்கெண்ண ஊத்திகினு செவுத்தப் பாக்குறியே, இன்னாத்துக்குப்பா?" என்றார் கடைக்காரர்.

"படம் புடிக்க பாய். பளிச்சுனு எரியிற மருந்து, இந்தச் சண்டை வந்ததுலேர்ந்து கெடைக்கறதில்ல. அதான், இருட்டுல கேமரா மூடியத் தொறந்து வெச்சிட்டு, டார்ச்சால வெளிச்சத்தப் பூசப் போறேன். செவுத்துக்கு வெள்ள அடிக்கிற மாதிரிதான். லைட்டு ஒரே சீரா இல்லேன்னா மூஞ்சி திட்டுத் திட்டாப் பூடும்."

"யார் மூஞ்சி?"

துலுக்கானம் கதவோரம் நின்ற மனைவி கன்னியம்மாளைக் காட்டினான். அவள் தோளில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"திங்கக்கெழம பட்டாளத்துல சேர்றேன் பாய். போட்டோ புடிக்கிற வேல. ஆவடி முகாமுக்குப் போனப்பறம் எந்தச் சீமைக்கு அனுப்புவாங்களோ! இவ கொயந்தய மடில வெச்சிகினு சாமி வெளக்காண்ட குந்தினு கீறாப்புல ஒரு படம், சட்டப் பையில வெச்சிகினு போவணும். படம் உழுவுற கண்ணாடி பிளேட்டு, கையில மிச்சம் கீறது ஒண்ணே ஒண்ணுதான். சொதப்பிச்சுன்னா அவ்ளோதான்."

பக்கீர் முகமது அடுத்த டார்ச்சை எடுத்து நீட்டினார்.

"அப்ப நீ படத்துல கெடயாதா?"

"லைட்டு அடிக்கிறவன் எப்டி பாய் உழுவான்? கருப்புத் துணி போத்திகினு, அசஞ்சிகினே கீறவன் பிளேட்டுல தெரியவே மாட்டான். அதான் இதுல வித்த!" துலுக்கானத்துக்கு அதில் ஏகப் பெருமை.

கன்னியம்மாள் தட்டிலிருந்து ஒரு குட்டி டார்ச்சை எடுத்தாள். "பாய், இந்தப் பொத்தான் சத்தம் போடுமா?"

"இல்லம்மா, மெதுவாத் தள்ளுனா போதும். ஆனா வெளிச்சம் மங்கல்தான்."

"மங்கலா கீறதுதான் நல்லது. இந்தாய்யா, இத வாங்கு."

"மின்மினியாட்டம் கீது, இத வெச்சிகினு இன்னா பண்றது?"

"கொயந்த மடில தூங்கும். டக்குனு சத்தம் கேட்டா முழிச்சிக்காதா?"

"வேல தெரிஞ்சவன் நானா, நீயா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி ஜெயித்த மனைவி பூந்தமல்லி வட்டாரத்தில் அதுவரை இல்லை. கன்னியம்மாளும் குட்டி டார்ச்சைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். துலுக்கானம் சீராக வட்டம் விழுந்த பெரிய டார்ச்சை வாங்கிக்கொண்டு, சைக்கிளை எடுக்க வெளியே போனான். குழந்தையின் துணியைச் சுருட்டிக்கொண்டு அவள் சற்றுப் பின்தங்கி வந்தாள்.

அன்று சாயங்காலம் குமணன்சாவடியில் அவர்கள் வீட்டு ஜன்னல்களில் கறுப்புத் துணி இறங்கியது. குண்டு போடுவார்கள் என்று சர்க்கார் மாட்டச் சொன்ன துணி, துலுக்கானத்துக்கு நல்லதாகப் போயிற்று. கன்னியம்மாள் விளக்கை ஏற்றிவிட்டுக் குழந்தையை மடியில் கிடத்தி அமர்ந்தாள். அவன் கேமரா மூடியைத் திறந்தான். கறுப்புத் துணிக்குள் நுழைந்துகொண்டு, அவள் நெற்றி, கன்னம், குழந்தையின் பிஞ்சுக் கை என்று நிற்காமல் வெளிச்சத்தைப் பூசினான்.

முடிந்ததும் டார்ச்சை அணைத்தான். அணைத்தவன் நேரே கேமராவிடம் போகவில்லை. எரிகிற சாமி விளக்கைப் பார்த்துவிட்டால் கண்ணை மூடிக் கும்பிடாமல் அவனுக்குக் கால் ஓர் அடி நகராது. 'இந்த ரெண்டு பேரையும் எனக்குக் குடுத்தியே, அதுவே போதும் தாயே' என்று மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே நின்றான். பிறகு போய் மூடியைப் போட்டான். குழந்தை அசையக்கூட இல்லை.

பிளேட்டைக் கழுவி, விளக்கருகே தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"போச்சு கன்னிம்மா! ஓரத்துல இன்னாவோ பெரிய கறையாட்டம் கீது. கீறது ஒரே பிளேட்டு, அதையும் பாழாக்கிட்டேன்!"

"வுடிஞ்சதும் காயிதத்துல போட்டுத்தான் பாரேன்" என்றாள் அவள், குழந்தைக்குப் பால் கொடுத்தபடி.

காலையில் பிளேட்டையும் காகிதத்தையும் சட்டத்தில் பொருத்தி வெயிலில் வைத்தான். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தான். விளக்கும், கன்னியம்மாளின் முகமும், அவள் மடியில் குழந்தையும் அவன் ஆசைப்பட்டபடியே விழுந்திருந்தன. அவர்களுக்குப் பக்கத்தில், கறுப்புத் துணி போர்த்திய ஒருவன் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றான்.

"நானா? டார்ச்ச அணைச்சிட்டுத்தானே கும்புட்டேன்! எப்டி உழுந்தேன்?"

"நீ எங்கள சட்டப் பையில வெச்சிகினு பூடுவ. எங்களுக்கு நீ வாணாமா?" கன்னியம்மாள் தூளித் துணிக்குள் கைவிட்டு அந்தக் குட்டி டார்ச்சை எடுத்து அவனிடம் நீட்டினாள். "பாய் இரவலாக் குடுத்தாரு. நா கும்புட்டேன்னு சொல்லிக் குடுத்துட்டு வா."