கட்டத்துக்கு வெளியே

தங்கை புகுந்த வீட்டுக்குப் போன மறுநாள், அக்கா தான் வேலை பார்க்கும் திருமணத் தகவல் மையத்துக்குக் கொட்டாவியோடு வந்தாள்.

"வரனைப் பத்தி விசாரிச்சுட்டு வர்றவர் டேட்டாபேஸ்ல எவ்வளவு எழுதினாலும், உங்க வேர்ட் படிவத்துல இருக்கற கட்டம் முதல் கொஞ்சம் எழுத்தை மட்டும்தான் வாங்குதுக்கா. மீதியைச் சத்தமில்லாம முழுங்கிடுது. இப்ப சரிபண்ணிட்டேன்," என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"முழுங்கட்டுமே! மாப்பிள்ளை புராணத்தை முழுசா யாரு படிக்கிறா?"

சிரித்துக்கொண்டே, தங்கைக்குத் தானே பொறுக்கியெடுத்த மாப்பிள்ளையின் படிவத்தைத் திறந்தாள். கடைசி வரி அவளுக்கு மனப்பாடம்: 'கோபமே தெரியாத தங்கமான பிள்ளை'.

இன்று அந்த வரி நீண்டிருந்தது.

'...என்று அவர் அம்மா மட்டும் சொல்கிறார். முதல் மனைவியைப் பற்றிக் கேட்டதும் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. கல்யாணமான மாதத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணை யாரும் பார்க்கவில்லையாம். இந்த வரனை யாருக்கும் காட்ட வேண்டாம்.'

உடனே போனை எடுத்துத் தங்கையை அழைத்தாள்.

"அக்கா! நானே கூப்பிடணும்னு இருந்தேன்." தங்கையின் குரலில் வெட்கம் வழிந்தது. "இனிமே எனக்கு அவர், அவருக்கு நான், அது போதுமாம். போனே வேண்டாமாம். வாங்கிக்கறதுக்குக் கையை நீட்டிட்டு நிக்கிறார், பாரேன்!"

"வெளியே ஓடி வாடி!" என்று அக்கா கத்துவதற்குள் லைன் அறுந்தது.